இரண்டு இறுதிப்போட்டிகள், இரண்டு கோல்கள்: டிமித்ரி அலெனிச்செவ் ஆடிய ஆட்டம்

2004 மே 26 அன்று ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் நடந்த, ஐரோப்பிய கால்பந்து அணிகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியின் 60ஆவது நிமிடத்தில், போர்ச்சுகல் அணியான போர்ட்டோவின் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ, அதுவரை விழுந்திருந்த ஒரே கோலை அடித்த 19 வயது கார்லோஸ் ஆல்பர்ட்டோவை வெளியே அழைத்துக்கொண்டு, 31 வயது ரஷ்ய நடுக்கள வீரர் ஒருவரை உள்ளே அனுப்பினார். அடுத்த பதினைந்து நிமிடங்களுக்குள் அந்த ரஷ்யர் ஒரு கோலுக்கு வழியமைத்துக் கொடுத்து, இன்னொரு கோலைத் தாமே அடித்தார். எதிரணியான மொனாக்கோ 3-0 என்று தோற்றது. அதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன், 2003 மே 21 அன்று ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூஃபா கோப்பை இறுதிப்போட்டியிலும் இதே டிமித்ரி அலெனிச்செவ் போர்ட்டோவுக்காகக் கோல் அடித்திருந்தார். சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் கோல் அடித்த ரஷ்யர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு இருந்தும், ரஷ்யாவின் பெரிய நடுக்கள வீரர்களைப் பட்டியலிடச் சொன்னால் ரசிகர்களின் வாயில் முதலில் வருவது மொஸ்தொவோய், கார்ப்பின், தித்தோவ், அர்ஷாவின் ஆகிய பெயர்களே. போர்ட்டோவின் அந்தப் பொற்காலத்தைப் பேசுபவர்களும் டெக்கோ, மனிஷ், ரிக்கார்டோ கார்வால்யோ என்று சொல்லிக்கொண்டு போய்க் கடைசியில்தான் அலெனிச்செவிடம் வருவார்கள். இதை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு நான்கு பேரைத் தாண்டிப் போகும் வித்தை அவரிடம் இல்லை. தூரத்திலிருந்து வலையைக் கிழிக்கும் உதையும் அவருடைய அடையாளமாக இருந்ததில்லை. அவரிடம் இருந்தது ஓர் ஆட்டமுறை. மாஸ்கோவில் கற்ற அந்த முறை போர்ச்சுகலில் அவருக்குக் கோப்பைகளைப் பெற்றுத் தந்தது. அதன்மீது அவர் வைத்திருந்த பிடிவாதமே பின்னர் அதே மாஸ்கோவில் அவருடைய ஆட்ட வாழ்க்கையை முடித்தும் வைத்தது.

அலெனிச்செவ் 1972 அக்டோபர் 20 அன்று ரஷ்யாவின் வடமேற்கே உள்ள ப்ஸ்கோவ் மாகாணத்தில், வெலிக்கியே லூக்கி பகுதியில் பிறந்தார். சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகளில் ப்ஸ்கோவ் நகரின் சிறிய அணி ஒன்றில் ஆடத் தொடங்கி, 1991இல் தலைநகரின் லோகோமோட்டிவ் மாஸ்கோ அணியில் சேர்ந்தார். அவர் மாஸ்கோவில் காலூன்றிய அதே ஆண்டின் முடிவில் அந்த நாடே இல்லாமல் போனது. சோவியத் லீக் கலைந்து, 1992இல் ரஷ்ய லீக் பிறந்தது. கீவ், திபிலிசி, மின்ஸ்க் நகரங்களின் பலம் வாய்ந்த அணிகள் வேறு நாடுகளின் அணிகளாகிவிட்டதால், மிச்சமிருந்த களத்தில் ஸ்பார்ட்டக் மாஸ்கோவுக்கு ஈடுகொடுக்க ஏறக்குறைய யாருமில்லை. புதிய லீக்கின் முதல் பத்துப் பட்டங்களில் ஒன்பதை ஸ்பார்ட்டக் வென்றது. 1995இல் விளாதிகாவ்காஸ் நகரின் அணி வென்ற பட்டம் மட்டுமே விதிவிலக்கு. 1994இல் அலெனிச்செவ் இந்த ஸ்பார்ட்டக்கில் சேர்ந்தார்.

ஸ்பார்ட்டக்கின் ஆட்டம் என்ன என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அது விளங்காமல் அவருடைய பிற்காலம் விளங்காது. ஒலெக் ரொமான்ட்செவ் பயிற்சியாளராக இருந்த அந்த அணியில் நீண்ட, உயரமான பந்துகளுக்கு மதிப்புக் குறைவு. தரையோடு தரையாக, பத்து அடி பதினைந்து அடிக்கு ஒரு பாஸ். வாங்கியவர் ஒரே தொடுதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் நின்ற இடத்தில் நிற்காமல் அதற்குள் முன்னால் ஓடியிருக்க வேண்டும். தெருவில் தனியாக விளையாடும் சிறுவன் பந்தைச் சுவரில் அடித்து, அது திரும்பி வருவதற்குள் இரண்டடி முன்னே போய் நிற்பதைப் பார்த்திருப்போம். அந்தச் சுவரின் இடத்தில் ஒரு சக வீரர் இருந்தால் அதுதான் இந்தப் பாஸ். ரஷ்யர்களும் இதை 'ஸ்தேன்கா' என்றே அழைக்கிறார்கள். சொல்லின் பொருளும் சுவர்தான். மாஸ்கோவுக்கு வெளியே தராசோவ்காவில் உள்ள அணியின் பயிற்சி முகாமில், சதுரமாக வகுத்த ஒரு சிறு இடத்துக்குள் சிலர் சுற்றி நின்று பந்தைக் கடத்த, நடுவில் நிற்பவர்கள் அதைப் பறிக்கப் பார்க்கும் பயிற்சி அன்றாட உணவுபோல. இந்த முறையில் யார் சுவர், யார் ஓடுபவர் என்பது நொடிக்கு நொடி மாறும். ஒரே வீரரைச் சுற்றி ஆட்டம் கட்டப்படுவதில்லை. ஓடும் நேரத்தைக் கணிப்பதில் தேர்ந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு. அலெனிச்செவ் அப்படித் தேர்ந்தவர்.

1995 இலையுதிர் காலத்தில் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் ஸ்பார்ட்டக் ஆறு ஆட்டங்களையும் வென்றது. பிளாக்பர்ன், லெகியா வார்சா, ரோசன்போர்க் என மூன்று அணிகளும் இரண்டு முறையும் தோற்றன. அன்றைய இங்கிலாந்துச் சாம்பியனான பிளாக்பர்ன் மாஸ்கோவில் 3-0 என்று தோற்ற ஆட்டத்தில், அந்த அணியின் டேவிட் பாட்டியும் கிரீம் லெ சோவும் களத்திலேயே ஒருவரோடு ஒருவர் கைகலந்ததுதான் இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அன்றைய முதல் கோல் அலெனிச்செவ் அடித்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அவருடைய வாழ்க்கையில் இப்படி நடப்பது இது முதலும் அல்ல, கடைசியும் அல்ல. ஆனால் குளிர்கால இடைவெளியில் அணியின் முக்கிய வீரர்கள் பலர் வெளியேறிவிட, வசந்தத்தில் காலிறுதியில் பிரான்சின் நான்ட்டிடம் ஸ்பார்ட்டக் தோற்றது. பணம் வேண்டிய ரஷ்ய அணிகளுக்கு வீரர்களை விற்பது அன்றைக்கு வேறு வழியில்லாத வழக்கம்.

1996இலும் 1997இலும் ஸ்பார்ட்டக் மீண்டும் லீக் பட்டம் வென்றது. 1997இல் ரஷ்யாவின் ஆண்டின் சிறந்த வீரராக அலெனிச்செவ் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1998 வசந்தத்தில் யூஃபா கோப்பையில் நெதர்லாந்தின் ஆயக்சை அதன் சொந்த மண்ணிலேயே 3-1 என்று வீழ்த்தி அரையிறுதிக்கு வந்த ஸ்பார்ட்டக், மிலான் நகரின் சான் சிரோ அரங்கில் இன்டரைச் சந்தித்தது. இடைவேளைக்குப் பின் அலெனிச்செவ் கோல் அடித்துச் சமன் செய்ததும், கடைசி நிமிடத்தில் சே எலியாஸ் இன்டருக்கு வெற்றியைப் பறித்துக் கொடுத்ததும் அங்கேதான். மாஸ்கோவில் நடந்த அடுத்த ஆட்டத்தில், சேறாகிப்போன களத்தில் பிரேசிலின் ரொனால்டோ இரண்டு கோல் அடித்துக் கணக்கை முடித்தார். இத்தாலியர்கள் அலெனிச்செவைக் கவனித்துவிட்டார்கள். அந்தக் கோடையில் அவர் ரோமாவுக்குப் போனார்.

ரோமாவின் பயிற்சியாளர் ஸ்டெனெக் ஸேமான் ரஷ்ய வீரர்களைப் புதிதாகப் பார்ப்பவர் அல்லர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபோஜா அணியில் ஷலிமோவையும் கொலிவானோவையும் ஆட்டியவர். முன்னே மூவர், நடுவே மூவர் என்று இடைவிடாமல் தாக்கும் அவருடைய அமைப்பில் அலெனிச்செவுக்கு ஓட இடம் இருந்தது. ஆனால் 1999இல் ஃபாபியோ கப்பெல்லோ வந்தார். அணியின் கணக்குகள் மாறின. 2000 ஜனவரியில் பெருஜியாவிலிருந்து ஜப்பானின் ஹிதெத்தோஷி நக்காத்தாவை ரோமா வாங்கியது. அதே இடமாற்றக் காலத்தில் அலெனிச்செவ் பெருஜியாவுக்குப் போனார். ஒன்றரை வருடம் கழித்து ரோமா இத்தாலியச் சாம்பியன் ஆனபோது அவர் அங்கே இல்லை. இத்தாலியில் அவர் தோற்றுவிட்டார் என்று எழுதுவது வழக்கம். என் பார்வையில், உலகின் மிகக் கடினமான லீக்காக அன்று இருந்த ஒன்றில், நட்சத்திர வீரர் டொட்டி இருக்கும் அணியில், தமக்கென ஓர் இடத்தை நிலையாகப் பிடிக்க முடியவில்லை என்று சொன்னாலே போதும்.

2000 கோடையில் போர்ட்டோ அவரை வாங்கியது. முதல் ஒன்றரை ஆண்டுகளில் ஒரு போர்ச்சுகல் கோப்பையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2002 ஜனவரியில், லெய்ரியா அணியில் பெயர் எடுத்திருந்த மொரின்யோ பயிற்சியாளராக வந்தார். அந்தப் பருவத்தை மூன்றாம் இடத்தில் முடித்த அணி, அடுத்த பருவத்தில் லீக், போர்ச்சுகல் கோப்பை, யூஃபா கோப்பை மூன்றையும் வென்றது.

மொரின்யோ நடுக்களத்தில் நால்வரை வைர வடிவில் நிறுத்தினார். அடியில் காஸ்டினியா, உச்சியில் டெக்கோ, இரு பக்க முனைகளில் மனிஷும் அலெனிச்செவும். ஆட்டத்தின் மூளை டெக்கோதான், அதில் யாருக்கும் ஐயமில்லை. பந்து அவரிடம் வந்ததும் எதிரணியின் இரண்டு மூன்று பேர் அவரைச் சூழ்வார்கள். அப்படிச் சூழும்போது வேறெங்கோ ஓர் இடைவெளி திறக்கும். அந்த இடைவெளிக்குள், முன்கள வீரரைப்போல முன்னதாகவே போய் நின்று மாட்டிக்கொள்ளாமல், பின்னாலிருந்து ஓடிவந்து சரியான கணத்தில் நுழைவதுதான் பக்க முனையில் நிற்பவரின் வேலை. தராசோவ்காவில் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை இதுவே.

செவிலில் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியை எதிர்த்து நடந்த அந்த ஆட்டத்தில், மே மாத வெயில் மாலையிலும் தணிந்திருக்கவில்லை. அரங்கிலும் ஊர்த்தெருக்களிலும் பச்சை வெள்ளைச் சட்டை அணிந்த பல்லாயிரக்கணக்கான ஸ்காட்லாந்து ரசிகர்கள். முதல் பாதி முடியும் தறுவாயில் அலெனிச்செவ் உதைத்த பந்தைச் செல்டிக் கோல்கீப்பர் டக்ளஸ் தடுத்தார். தெறித்து வந்ததைப் போர்ட்டோவின் டெர்லே உள்ளே தள்ளினார். இடைவேளை முடிந்து வந்தவுடனேயே செல்டிக்கின் ஹென்ரிக் லார்சன் தலையால் முட்டிச் சமன் செய்தார். 54ஆவது நிமிடத்தில் டெக்கோ பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு செல்டிக்கின் பின்களத்தைத் தம் பக்கம் இழுத்தார். அவர்கள் எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலெனிச்செவ் அவர்களுக்கு நடுவே இருந்த சந்தில் ஓடத் தொடங்கியிருந்தார். டெக்கோ அந்தச் சந்தின் வழியே பந்தை நழுவவிட, அலெனிச்செவ் கோல்கீப்பரைத் தாண்டி அதை வலைக்குள் சேர்த்தார். மூன்றே நிமிடங்களில் லார்சன் மறுபடியும் சமன் செய்ததும், செல்டிக்கின் பால்டே சிவப்பு அட்டை பெற்றதும், கூடுதல் நேரத்தின் 115ஆவது நிமிடத்தில் டெர்லே மூன்றாவது கோல் அடித்ததும் பலரும் அறிந்த கதை. அன்றைய ஆட்டத்தைப் பேசுவோர் லார்சனின் இரண்டு கோல்களையும் டெர்லேயின் இரண்டு கோல்களையும் பேசுவார்கள். நடுவே விழுந்த அந்த ஒற்றைக் கோல், பிளாக்பர்ன் ஆட்டத்தில் விழுந்ததைப்போலவே, பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது.

அடுத்த பருவத்தில் நடுக்கள வீரர் பெத்ரோ மென்டெஸ் வந்து சேர்ந்தார்; குளிர்காலத்தில் பிரேசிலிலிருந்து கார்லோஸ் ஆல்பர்ட்டோ வந்தார். கெல்சன்கிர்ஷனில் அலெனிச்செவ் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுவே. ஆனால் அவர் களத்துக்குள் வந்த நேரம் அவருடைய ஆட்டத்துக்கு மிகவும் தோதானது. ஒரு கோல் பின்தங்கியிருந்த மொனாக்கோ தன் வீரர்களை முன்னே அனுப்பியாக வேண்டியிருந்தது. பின்னால் இடம் காலியாகியிருந்தது. 71ஆவது நிமிடத்தில் டெக்கோ பந்தை ஓட்டிக்கொண்டு வந்து இடப்புறம் அலெனிச்செவிடம் கொடுத்துவிட்டு நிற்காமல் ஓடினார். அலெனிச்செவ் அதை டெக்கோவின் ஓட்டத்துக்கே திருப்பிக் கொடுக்க, கோல்கீப்பர் ஃபிளாவியோ ரோமா ஒரு பக்கம் சாய்ந்தபோது பந்து மறுபக்கம் போனது. சுவர்ப் பாஸின் இலக்கணத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தராசோவ்காவில் ஓடிப் பழகியவர் இங்கே சுவராக நின்றார், பிரேசிலில் பிறந்த டெக்கோ ஓடினார். நான்கு நிமிடம் கழித்து டெர்லே அனுப்பிய பந்து ஒரு பின்கள வீரரின் காலில் பட்டுத் திசைமாறி வந்தபோது, பெனால்டி பகுதிக்குள் அது வந்து சேர்ந்த இடத்தில் அலெனிச்செவ் இருந்தார். தடுத்து நிறுத்தி யோசிக்காமல் ஓங்கி உதைத்தார். இதை அதிர்ஷ்டம் என்பாரும் உண்டு. பந்து திசைமாறியது அதிர்ஷ்டம்தான்; அவர் அங்கே நின்றது அதிர்ஷ்டம் அல்ல.

தேசிய அணியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. 1996 முதல் 2005 வரை 55 ஆட்டங்கள், ஆறு கோல்கள். 2002 உலகக் கோப்பையிலும் 2004 ஐரோப்பியக் கோப்பையிலும் அவர் அணியில் இருந்தார். இரண்டிலும் ரஷ்யா குழுச் சுற்றோடு திரும்பியது. இரண்டாவதில் ஒரு விசித்திரம் உண்டு. கெல்சன்கிர்ஷன் முடிந்து சரியாக மூன்று வாரத்தில், போர்ட்டோவில் அவரோடு கோப்பையைத் தூக்கிய தோழர்கள் போர்ச்சுகல் சட்டையில் லிஸ்பனில் ரஷ்யாவை எதிர்த்து நின்றார்கள். ஏழாவது நிமிடத்திலேயே மனிஷ் கோல் அடித்தார். அந்தத் தலைமுறையின் ரஷ்ய அணியில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு ஆட்டத்தைப் பழகி வந்து, சில நாட்கள் மட்டும் சேர்ந்து ஆடினார்கள் என்பதுதான் சிக்கல். சுவர்ப் பாஸுக்கு ஓடுபவரும் சுவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே அறிந்திருக்க வேண்டும்.

2004 கோடையில் மொரின்யோ இங்கிலாந்தின் செல்சி அணிக்குப் போனார். அந்தக் கோடையில் அலெனிச்செவ் ஸ்பார்ட்டக்குக்குத் திரும்பினார். மற்ற நாடுகளில் நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய ஒரு ஐரோப்பியச் சாம்பியன், முந்தைய பருவத்தில் பத்தாம் இடத்தில் முடித்த அணியைத் தேர்ந்தெடுத்ததைப் பாசம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் விட்டுப்போன ஸ்பார்ட்டக் அங்கே இல்லை. உரிமையாளரோடு மோதிய ரொமான்ட்செவ் 2003இலேயே நீக்கப்பட்டிருந்தார். உரிமையும் கைமாறி, எண்ணெய் நிறுவனமொன்றின் பங்குதாரரான லியோனித் ஃபெதூனிடம் வந்திருந்தது. 2005 மே மாதத்தில் நகரின் பரம எதிரியான சி.எஸ்.கே.ஏ., யூஃபா கோப்பையை வென்று, ஐரோப்பிய அணிகளுக்கான கோப்பை ஒன்றை வென்ற முதல் ரஷ்ய அணி ஆனது. பத்தாண்டுகள் நாட்டை ஆண்ட ஸ்பார்ட்டக்குக்குக் கிடைக்காதது அது.

பயிற்சியாளராக இருந்தவர் லாத்வியாவின் அலெக்சாண்டர்ஸ் ஸ்டார்கோவ்ஸ். தம் நாட்டு அணியை 2004 ஐரோப்பியக் கோப்பைக்கு அழைத்து வந்து வியக்க வைத்தவர். கட்டுக்கோப்பான தடுப்பாட்டமும் எச்சரிக்கையும் அவருடைய வழி. எண்களை மட்டும் பார்த்தால் அவர்மீது குறை சொல்ல இடமில்லை: 2005இல் ஸ்பார்ட்டக் இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் ஸ்பார்ட்டக் ரசிகர்களுக்கும் பழைய வீரர்களுக்கும் எப்படி வென்றோம் என்பதும் கணக்கில் சேரும். 2006 ஏப்ரலில் 'சோவெத்ஸ்கி ஸ்போர்ட்' நாளிதழுக்கு அளித்த பேட்டியில், இந்தப் பயிற்சியாளரோடு அணி இதற்குமேல் வளராது என்ற பொருள்பட அலெனிச்செவ் வெளிப்படையாகப் பேசினார். ரஷ்யக் கால்பந்தில், பதவியில் இருக்கும் பயிற்சியாளரை அணியின் வீரரே பெயர் சொல்லி நாளிதழில் விமர்சிப்பது சாதாரணமாக நடக்கும் காரியம் அல்ல. நிர்வாகம் அவரை முதல் அணியிலிருந்து விலக்கி, விற்பனைப் பட்டியலில் சேர்த்தது. வியப்பு என்னவென்றால், சில வாரங்களிலேயே ஸ்டார்கோவ்ஸும் பதவி விலகினார். அதற்குப் பிறகாவது அலெனிச்செவைத் திரும்ப அழைத்திருக்கலாம், நிர்வாகம் அழைக்கவில்லை. வேறு சட்டையில் ஆட அவரும் முனையவில்லை. 33 வயதில் ஆட்டம் நின்றது.

அந்தப் பேட்டியின் சரி தவறைப் பற்றி இரண்டு பக்கமும் பேசலாம். ஸ்டார்கோவ்ஸ் குறித்து அலெனிச்செவ் சொன்னதில் உண்மை இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல வேண்டிய இடம் ஓய்வறையா, நாளிதழா என்பது வேறு கேள்வி. கவனிக்க வேண்டியது, ரோமாவிலும் போர்ட்டோவிலும் பெஞ்சில் உட்கார வைத்தபோது உட்கார்ந்தவர் இவர்தான் என்பது. அங்கே பிரச்சினை தம்முடைய இடம் மட்டுமே, அதைப் பொறுத்துக்கொண்டார். மாஸ்கோவில் பிரச்சினை ஆட்டமுறை.

சில ஆண்டுகள் நாடாளுமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்துவிட்டு, அவர் பயிற்சித் துறைக்கு வந்தார். 2011இல் துலா நகரின் அர்செனால் அணியை ஏற்றபோது அது தொழில்முறை லீக்கிலேயே இல்லை. 2014இல் அது நாட்டின் முதல்நிலை லீக்கில் நின்றது. அந்த ஊர் வரலாற்றில் முதல் முறை. ரொமான்ட்செவ் ஆலோசகராக வந்தார். பழைய ஸ்பார்ட்டக் தோழர்கள் வந்தார்கள். நாற்பதைத் தாண்டிய கோல்கீப்பர் ஃபிலிமோனோவ் முதல்நிலை லீக்கில் கையுறை மாட்டினார். ஒரு பருவம் மட்டுமே அங்கே தாக்குப்பிடித்தார்கள். பின்னாளில் சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகரின் யெனிசேய் அணிக்கும் இதுவே நேர்ந்தது: 2018இல் அவர் தலைமையில் முதல் முறையாக முதல்நிலைக்கு ஏறி, 2019இல் இறங்கியது.

இவ்விரண்டுக்கும் நடுவே, 2015 கோடையில், ஸ்பார்ட்டக் அவரை மூன்றாம் முறையாக அழைத்தது, இந்தத் தடவை பயிற்சியாளராக. பழைய ஸ்பார்ட்டக் தோழர் யெகோர் தித்தோவ் உதவியாளராக வந்தார். தொண்ணூறுகளின் ஆட்டம் திரும்பும் என்று அரங்கம் காத்திருந்தது. ஐந்தாம் இடம் வந்தது. அடுத்த பருவம் தொடங்கிய வேகத்திலேயே, 2016 ஆகஸ்டில், ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றில் சைப்ரசின் ஏ.இ.கே. லார்னாக்கா அணி மாஸ்கோவில் வந்து ஸ்பார்ட்டக்கை 1-0 என்று வென்று வெளியேற்ற, அலெனிச்செவ் பதவியிலிருந்து போனார். அவருடைய உதவியாளர்களில் ஒருவராக அந்தக் கோடையில்தான் வந்து சேர்ந்திருந்த இத்தாலியரான மாசிமோ கரேரா பொறுப்பேற்று, 2017 மே மாதத்தில் ஸ்பார்ட்டக்குக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்.